மோதிர விரல் சொல்பேச்சு கேட்க வேண்டுமா? கைவிரல் பயிற்சி, படிப்படியாக

சர்ச் சபையில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கும் எல்லாருக்கும் ஒரே புகார்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓடுகின்றன, நடுவிரல் சமாளிக்கிறது, மோதிர விரலுக்கு வந்ததும் பாட்டு நொண்டுகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாரம் முழுக்க அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை வாசிக்கிறேன். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கினால் நாகர்கோவிலைச் சுற்றி வீடு வீடாக ராத்திரி வெகுநேரம் வாசிக்க வேண்டும். முன்பெல்லாம் முழங்கை வரை கடுக்கும். இப்போது கடுப்பதில்லை. செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கிட்டார், தையல், டைப்ரைட்டிங் தேர்வு என்று விரலால் செய்கிற எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

தேவையானவை: ரப்பர் பேண்ட் நாலைந்து, ஒரு பழைய துவர்த்து (துண்டு), ஒரு சின்ன வாளி அரிசி, பத்துப் பன்னிரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள், பழைய செய்தித்தாள். அவ்வளவுதான்.

கடையில் விற்கும் ஸ்பிரிங் வைத்த ஹேண்ட் கிரிப்பர் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் வாங்காதீர்கள். அது கையை மூட மட்டும்தான் பழக்கும். பை தூக்குவது, பைக் ஹேண்டில் பிடிப்பது, போன் பிடிப்பது என்று நாள் முழுக்க கையை மூடிக்கொண்டுதான் இருக்கிறோம். மூடுவதற்குத் தனியாகக் காசு கொடுத்துப் பயிற்சி எதற்கு? வாங்கியே ஆக வேண்டும் என்றால் திருகி இறுக்கம் மாற்றுகிற வகையை வாங்கி, குறைந்த எடையில் வையுங்கள்.

1. பலம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள்

வலது கையை மேசைமேல் வைத்து, இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். முழங்கைக்குப் பக்கத்தில் சதை துள்ளும். விரலை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை போகின்றன, கிணற்று உருளையில் கயிறு ஓடுவது போல. விரல்களை அகட்டவும் சேர்க்கவும் உதவுகிற சின்னத் தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. விரலுக்குள் அசைவு தருகிற தசை கிடையாது. அதனால் “விரல் வலிக்கிறது” என்று விரலை மட்டும் நீவிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. முன்கையை நீவுங்கள். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் போதும்.

இன்னொரு சோதனை. மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடி இறுகாது. மணிக்கட்டை லேசாகப் பின்னால் சாய்த்தால் அதே கை இறுகப் பிடிக்கும். இனி சொல்லும் எல்லாப் பயிற்சிக்கும் மணிக்கட்டு இப்படி நேராகவோ லேசாகப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும்.

2. சூடாக்குதல்

கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு இந்த ஐந்து நிலைகளையும் மெதுவாகச் செய்யுங்கள். விரல்கள் நேராக. அப்புறம் மேல் இரண்டு கணுக்களை மட்டும் மடக்கிக் கொக்கி. அப்புறம் முழு முஷ்டி. அப்புறம் விரல்களை நேராக வைத்து அடிக்கணுவில் மட்டும் மடக்கி மேசை மாதிரி. கடைசியாக நுனிக்கணு நேராக இருக்க, விரல் நுனி உள்ளங்கையின் அடியைத் தொடுகிற மாதிரி. ஒவ்வொரு நிலைக்குப் பிறகும் விரல்களை நேராக நீட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நாலைந்து சுற்று போதும். இதைத் தினமும் செய்யலாம், பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

3. விரிக்கும் பயிற்சி

ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். மெதுவாக விரித்து, விரித்த நிலையில் ஒரு மூச்சு நிறுத்தி, அதே மெதுவில் திரும்பவும் குவியுங்கள். திரும்பும்போது ரப்பர் இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 12 அல்லது 15 தடவை. எளிதாகிவிட்டால் இரண்டாவது பேண்ட்.

செய்தித்தாளை விரலகலத்துக்குக் கிழித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கி, மற்ற கையால் இழுங்கள். விரல் விடக்கூடாது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே பெரும்பாலும் உடனே நழுவிவிடும். அங்கேதான் கூடுதலாகச் செய்ய வேண்டும்.

4. மோதிர விரல்

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள், வரும். ஆள்காட்டி விரல் வரும். சுண்டுவிரலும் வரும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள்.

வராது. வந்தாலும் கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான். இது உங்கள் குறை இல்லை. விரல்களை நீட்டுகிற பொதுத் தசை ஒன்று நாலு விரலுக்கும் தசைநாண் அனுப்புகிறது. புறங்கையில் அந்த நாண்களுக்கு இடையே குறுக்கு இணைப்புகள் இருக்கின்றன. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனியாக இன்னொரு தசை உண்டு, மோதிர விரலுக்கு இல்லை. நடுவிரல் மடங்கியிருந்தால் அந்த இணைப்பு மோதிர விரலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இது தெரியாத வரை, மற்ற நாலு விரலையும் கீபோர்டின் கட்டைகளில் (கீகளில்) அழுத்தி வைத்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் உயரத் தூக்குகிற பயிற்சியைத்தான் எல்லாரும் சொல்லிக் கொடுத்தார்கள். புறங்கை கடுத்ததுதான் மிச்சம். அமைப்பே அனுமதிக்காத ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். முதலில் தூக்குவதை மறந்துவிட்டு அழுத்துவதை மட்டும் கவனியுங்கள். கீபோர்டிலோ மேசையிலோ ஐந்து விரல்களையும் வளைத்து வைத்து, மோதிர விரலால் மட்டும் மெதுவாக அழுத்தி விடுங்கள். நுனிக்கணு உள்ளே குழியக் கூடாது. குழிந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். கட்டை மேலே வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் விரல் எழும்பினால் போதும்.

அப்புறம் ஜோடி. நடுவிரல், மோதிர விரல் மாறி மாறி. மோதிர விரல், சுண்டுவிரல் மாறி மாறி. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு விரல். இங்கே முன்கை லேசாகச் சுழல வேண்டும், கதவுக் குமிழைத் திருப்பும்போது திரும்புமே அந்தத் திருப்பத்தில் கொஞ்சூண்டு. சுண்டுவிரலுக்கு வரும்போது கையின் எடை வெளிப்பக்கம் சாயும். விரல் தனியாகச் சுமக்க வேண்டியதை முன்கை பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு மாற்றம் தெரிந்தது இதற்குப் பிறகுதான்.

60-ல் சுத்தமாக வந்தால் மட்டும் 66. வேகத்தைக் கூட்டும்போது தோள் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வேகம் அதிகம்.

கீபோர்டு இல்லாதவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் கொடுக்கும் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் பாடத்தை அடியுங்கள். இடது சுண்டுவிரல் ஏ, மோதிர விரல் எஸ். பழைய இரும்பு மெஷினில் சுண்டுவிரல் எழுத்து வெளிறித்தான் விழும். அது எல்லா எழுத்தையும்போல் கறுப்பாக விழுகிறதா என்பதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

5. பலத்துக்கு

இதை ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டும். தசையைவிட தசைநாண் மெதுவாகத்தான் உறுதியாகும். தெம்பு வந்துவிட்டது என்று தினமும் செய்யாதீர்கள்.

துவர்த்தை நனைத்துப் பிழியுங்கள். வலப்பக்கம் நாலு முறுக்கு, இடப்பக்கம் நாலு முறுக்கு. பெரும்பாலானவர்கள் ஒரே பக்கமாகத்தான் பிழிவார்கள். மாற்றிப் பிழியும்போதுதான் எந்தக் கை சோம்பேறி என்று தெரியும்.

வாளி அரிசியில் மணிக்கட்டு வரை கையை விட்டு, உள்ளேயே முஷ்டி பிடித்து, விரித்து, இரண்டு பக்கமும் திருகுங்கள். அரிசிக்குள் விரிப்பதுதான் கஷ்டம். நம் ஊர்ச் சம்பா அரிசி பருமனாக இருப்பதால் நன்றாகவே தடுக்கும். அதற்கென்று ஒரு வாளி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக்கு வைத்த அரிசியில் கை விட்டால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரிசிக்குப் பதில் மணல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கடற்கரை மணல் வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் எல்லாம் இருக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு. இந்தக் கனிமங்களை மணலிலிருந்து பிரித்தெடுக்கத்தான் அங்கே அரசு ஆலையே இருக்கிறது. கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் கலர் மணலும் பார்க்க மட்டும்தான். வீட்டுக்குள் தினமும் கை விட்டுக் கிளற அரிசியே நல்லது.

கிணற்றில் கயிறும் கப்பியும் இருந்தால் வெள்ளம் கோருங்கள் (தண்ணீர் இறையுங்கள்), மரச்சீனி (மரவள்ளி) விளை இருந்தால் கிழங்கு பிடுங்கப் போங்கள். மூடும் பலத்துக்கு இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

6. லாவகத்துக்கு

நாணயங்களை மேசையில் பரப்பி, ஒரே கையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேருங்கள். எல்லாம் சேர்ந்ததும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் கொண்டுவந்து கீழே வையுங்கள். மற்ற நாணயங்கள் விழக் கூடாது. புளியங்கொட்டையிலும் செய்யலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் லாவகத்துக்குப் பூக்கட்டுவதுதான் முதலிடம். தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் போனால் பேச்சு ஒருபக்கம் ஓட, கை தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இடது கை காம்புகளைப் பிடித்திருக்கும், வலது கை விரல்கள் நாரில் சுருக்குப் போட்டு மாட்டி இழுக்கும். இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை, இறுக்கமும் அளவாக இருக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியம்மா சொன்னது இதுதான்: “இறுக்கிப் பிடிக்காத மக்களே, காம்பு ஒடிஞ்சிரும்.” கீபோர்டு மாஸ்டர்களும் இதையேதான் சொல்வார்கள், எனக்குப் புரிந்தது காம்பு ஒடிந்தபோதுதான்.

எப்போது நிறுத்த வேண்டும்

தசை அலுப்பு வேறு, மரத்துப்போவது வேறு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் எழுப்பினால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கைப் பக்கம் பிரச்சினை இருக்கலாம், முழங்கையை மடக்கிப் போனை நெடுநேரம் காதில் வைத்திருப்பவர்கள் கவனிக்க. விரல் மடங்கி ‘டக்’ என்று சிக்கித் திறந்தால் பிழிகிற பயிற்சி எதுவும் கூடாது. நம் ஊரில் கை பிசகினால் ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) தடவப் போவது வழக்கம். மரத்துப்போகிற கையை முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை

ரப்பர் பேண்ட் அறுந்து முகத்தில் அடிக்கிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கதி! சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, விரலகல வளையங்களாக வெட்டுங்கள். அறுவது குறைவு, விரலிலும் பதியாது. நானும் இப்போது இதற்கு மாறிவிட்டேன்.

குலசேகரம் பக்கத்தில் பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுக்க) போகிற ஒருவர், தனக்கு இது தேவையா என்று கேட்டிருந்தார். கத்தி பிடித்தே பிடி பலமாகியிருக்கும், 5-ஆம் பகுதியை விட்டுவிடுங்கள். 2-ம் 3-ம் மட்டும், வேலை முடிந்து வந்த பிறகு.

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் புண்ணாகியிருந்தால் ஆறும்வரை ரப்பரும் அரிசியும் வேண்டாம், வெறுங்கையால் 2-ஐ மட்டும் செய்யட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து திருந்த என்ன செய்யலாம் என்பது அடிக்கடி வருகிற கேள்வி. ரப்பர் பேண்ட் கொடுக்காதீர்கள், வாயில் போடுவார்கள். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். இல்லையென்றால் சுங்கான்கடையில் மண்பானை செய்பவர்களிடம் கேட்டுக் கொஞ்சம் பிசைந்த களிமண் வாங்கிவாருங்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தால் சீக்கிரம் காயாது.