ஹூஸ்டனில் முதல் புயல் பருவம்: ஜூனுக்கு முன் செய்ய வேண்டியவை

ஹூஸ்டனில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை உச்சம். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு "வர்தாவையே பார்த்தாச்சு, இதென்ன?" என்று தோன்றும். இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியது வர்தாவை அல்ல, 2015 டிசம்பரை.

செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்ததும் அடையாற்றங்கரை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது இங்கும் ஏறக்குறைய அதே கதைதான். அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் தேங்கிய வெள்ளம் ஏறியது. மதகைத் திறந்ததும் கீழே பஃபலோ பயூ என்ற ஆற்றின் ஓரத்து வீடுகளும் மூழ்கின. நகரத்தை நெருங்கியபோது ஹார்வியின் காற்று தணிந்துவிட்டிருந்தது. இங்கே புயலுக்கு 1 முதல் 5 வரை சொல்லும் எண் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான், மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதனால் தண்ணீர் பாட்டிலுக்கும் டார்ச்சுக்கும் முன்னால் வெள்ளக் காப்பீடு வாங்குங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீடோ, வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை. "எங்கள் வீடு வெள்ளப் பகுதி வரைபடத்தில் இல்லையே" என்பார்கள். ஹார்வியில் நனைந்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்த வரைபடத்துக்கு வெளியேதான் இருந்தன. வாடகைக்கு இருந்தாலும் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். காருக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வெள்ளத்தில் போன கார் போனதுதான்.

இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? கடந்த 5 ஆண்டுகளில் வெள்ளம் புகுந்தது தெரிந்திருந்தால் வாடகைக்கு விடுபவர் எழுத்தில் சொல்ல வேண்டும். 2022 முதல் டெக்சஸில் இது சட்டம். ஆனால் 5 ஆண்டுக் கணக்கில் ஹார்வி வராது. அதைத் தெருவில் நாய் நடத்திச் செல்லும் பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கரண்ட். 2024 ஜூலை 8 அன்று வந்த பெரில் வெறும் 1-ஆம் எண் புயல். இருந்தும் 22 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் வீட்டில் ஐந்து நாள். எங்களுடையது மின் அடுப்பு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இட்லி மாவு முழுவதும் குப்பைக்குப் போனது. அவல், பொரி, சத்துமாவு, பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் சமாளிக்கலாம். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தாலும் 4 மணி நேரம்தான் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். காரில் பெட்ரோலை முதல் நாளே நிரப்பிவிடுங்கள். மின்சாரம் இல்லாதபோது திறக்க, கராஜ் கதவின் உட்பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பழகுங்கள். எனக்கு அது தெரியாமல் கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கராஜில், கதவைத் திறந்து வைத்துக்கூட ஓட்டக் கூடாது. கரி அடுப்பும் வீட்டுக்குள் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவால், வாசனையே தெரியாமல் உயிர் போகும்.

கிளம்புவதா, இருப்பதா? 2005-இல் ரீட்டா புயலுக்குப் பயந்து ஊரே ஒன்றாகக் கிளம்பி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நின்றது. அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்கள் மட்டுமே நூறு பேர் இருப்பார்கள். வெளியேற்றத்துக்காகக் கடலோர ஜிப் எண்களை (நம் ஊர் பின்கோடு மாதிரி) மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உங்களுடையது அதில் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். வந்தால், போகச் சொன்னதும் போய்விடுங்கள். வராமல், வீடும் மேடாக இருந்தால் தங்குவதே மேல் என்பது என் எண்ணம். தண்ணீர் ஓடும் சாலையில் மட்டும் காரை இறக்காதீர்கள். ஓரடித் தண்ணீரே சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும்.

பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94, மாணவர் என்றால் ஐ-20 என்று விசா தொடர்பான தாள்கள் எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். எச்1பி விசாக்காரர்களுக்குப் பொதுவாக ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பின் பண உதவி கிடைக்காது. ஆனால் குழந்தை இங்கே பிறந்த குடிமகன் என்றால், அதன் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இரண்டு வாரத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர் என்றால் ஐஸ் பெட்டியும் வேண்டும். அப்புறம், புயலன்று காலையில் மொட்டைமாடி தேடி அப்பா வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.