மூன்றாம் வகுப்புக்கு வரைபடமும் காலக்கோடும்

இந்திய வரைபடத்தைச் சுவரில் மாட்டி "மேலே வடக்கு, கீழே தெற்கு" என்று பாடத்தைத் தொடங்கினால், எட்டு வயதுப் பிள்ளைக்கு வடக்கு என்பது ஆகாயத்துப் பக்கம் என்றே பதியும். அதனால் முதல் இரண்டு வாரம் வரைபடம் தரையிலேயே கிடக்கட்டும்.

முதலில் திசை. "சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு" என்பது பேச்சுக்குச் சரி. ஜூனிலும் டிசம்பரிலும் உதயம் நேர்க்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை விலகிவிடும். "மதிய நிழல் வடக்கே விழும்" என்பதும் நம் ஊரில் காலை வாரிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது தெற்கே விழுகிறது. மைதானத்தில் அரை மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். 11:30-க்கு நிழலின் நுனியில் ஒரு கல், 12:50-க்கு நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் அளவு இருக்கும். இரண்டு கற்களையும் இணைக்கும் கோட்டின் திசையைப் பார்த்துவைத்து, வகுப்பறைத் தரையிலும் சாக்பீஸால் போட்டுவிடுங்கள். இனி எந்த வரைபடத்தை விரித்தாலும் அந்தக் கோட்டோடு பொருத்தித் திருப்பி வைத்த பிறகுதான் பேச்சு.

அடுத்து மேலிருந்து பார்க்கும் பார்வை. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், டஸ்டர் மூன்றையும் தரையில் வைத்து வரையச் சொன்னால், பாதிப் பேர் பாட்டிலை மூடியோடு நிற்கவைத்து வரைவார்கள். திருத்த வேண்டாம். பாட்டிலைத் தாளின் மேல் நிறுத்தி, அடியைச் சுற்றிப் பென்சில் ஓட்டி, பாட்டிலை எடுத்துவிடுங்கள். தாளில் வெறும் வட்டம் நிற்கும். வரைபடம் என்றால் என்ன என்பது அங்கேதான் புரிகிறது. அதற்கு முன் எத்தனை விளக்கம் சொன்னாலும் வீண்.

பிறகு வகுப்பறை. கட்டம் போட்ட நோட்டில் ஒரு பாதத்துக்கு ஒரு கட்டம். குதிகாலோடு விரல் ஒட்ட நடந்து அளக்க வேண்டும். முதல் நாள் ஒரே பிள்ளை அளக்கட்டும்; ஆளுக்கு ஆள் அளந்தால் நான்கு சுவரும் சேராது. மறுநாள் வேறொரு பிள்ளையை அளக்கவிட்டால் கணக்கு மாறும், மீட்டர் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். கதவு, ஜன்னல், கரும்பலகை, மேசை போதும். மின்விசிறியையும் வரைய ஒருவர் கேட்பார், வரையட்டும்.

வரலாற்றில் சிக்கல் வேறு. தாத்தாவும் ராஜராஜனும் ஒரே காலத்து ஆட்கள் என்றுதான் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆண்டைச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது, நீளமாகக் காட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்கு ஒரு செ.மீ. என்று வைத்து 11 மீட்டர் சணல் கயிறு எடுங்கள். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். முடிச்சும் போடாதீர்கள், கயிறு குறைந்துவிடும். துணிக்கிளிப்பில் சீட்டை மாட்டுங்கள். 2026-ஐ முனையாக வைத்தால் பிள்ளை பிறந்த ஆண்டு 8 செ.மீ.யில், சுதந்திரம் 79 செ.மீ.யில், மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934 என்பது 92 செ.மீ.யில். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த 1498-க்கு 5 மீட்டர் 28 செ.மீ. நடக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1010. அது 10 மீட்டர் 16 செ.மீ.யில். வகுப்பறை போதாது, வராந்தாவுக்குப் போங்கள். தாத்தா பிறந்த ஆண்டுக்கும் ஒரு கிளிப் மாட்டி, அதில் ஒரு பிள்ளை, கோயிலில் இன்னொரு பிள்ளை நின்று ஒருவரையொருவர் கூப்பிடட்டும். கி.மு.வை இந்த வகுப்பில் தொடவே வேண்டாம், பின்னோக்கி எண்ணுவது குழப்பும்.

அரசர் கதை சொல்லும்போது அவர் வாயில் வசனம் வைக்காதீர்கள். பிள்ளைகள் அதையும் வரலாறு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைவிடக் கல்வெட்டே சுவையானது. பெரிய கோயிலுக்கு ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயரும் வீட்டு வரிசையும் ("தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு" என்று; சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை) கல்லில் வருகைப் பதிவேடு போல வெட்டியிருக்கின்றன. அதே முறையில் பிள்ளைகள் தங்கள் தெருவை எழுதட்டும்: எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, யார் குடியிருக்கிறார். திசை தெரியாமல் "தென்சிறகு" எழுத முடியாது, எனவே குச்சியையும் கற்களையும் தெருவுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும்.