பாஸ்டலில் பூ வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் என்னிடம் பாஸ்டல், அதாவது நிறத்தூளை அழுத்திச் செய்த வண்ணக் குச்சி, பழக வருகிறவர்களைப் பார்க்கிறேன். என் ஆரம்ப காலத் தவறுகளே வரிசையாகத் திரும்பி வருகின்றன. குச்சி உடைவதும் கை அழுக்காவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். படத்தையே காவு வாங்குகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பது

சாஃப்ட் பாஸ்டலில் பசை மிகக் குறைவு, பெரும்பகுதி தூள்தான். அந்தத் தூள் தாளின் சொரசொரப்பில் தளர்வாக உட்கார்ந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் இதழ் மின்னுகிறது. அழுத்தித் தேய்த்தால் தூள் பள்ளங்களை அடைத்துவிடும், விரலின் எண்ணெயும் சேரும். அதற்குமேல் நிறம் பிடிக்காது. செம்பருத்தி சாம்பல் பூசியது போல ஆகிவிடும். பின்னணியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இதழைக் குச்சியின் பக்கவாட்டால் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, அப்புறம் கை வைக்காதீர்கள்.

நிழலுக்குக் கறுப்பு

வேண்டாம். அடர்பச்சையும் அடர்ஊதாவும் போதும்.

தூளை வாயால் ஊதுவது

அடுத்த மூச்சில் அது உள்ளே போகும். சில சிவப்பு, மஞ்சள் குச்சிகளில் காட்மியம் உண்டு. பலகையை வெளியே கொண்டுபோய்ப் பின்புறம் தட்டுங்கள்.

பூ இருக்கும்போது சொம்பை வரைவது

ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் சமயத்தில் முதல் மழை விழுந்ததும் பிடாவ் மரம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும், ஒரே நாளில் உதிர்ந்தும் விடும். அதைக் கொண்டுவந்து சொம்பில் வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் பித்தளையின் பளபளப்பிலேயே மூழ்கிவிடுகிறார்கள். சொம்பு நாளைக்கும் இருக்கும். பூங்கொத்தின் மொத்த வடிவத்தையும் நிழல் பக்கத்தையும் முதலில் போடுங்கள்.

கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி ஃபிரேம் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. என்னிடம் படித்த ஒரு தங்கச்சி, சொம்பில் மலையூரான மேமியோவின் ரோஜாவும் பக்கத்தில் எலுமிச்சையும் வைத்து அம்மாவுக்காக ஒரு படம் வரைந்தாள். அவ்வளவு நல்ல படம். ஃபிரேம் கடைக்காரர், "கண்ணாடி ஒட்டி இருந்தாத்தான் தூசு போகாதும்மா" என்று சொல்லி, கண்ணாடி படத்தைத் தொடாமலிருக்க நான் கொடுத்தனுப்பிய இடைப்பட்டையைக் கழற்றிவிட்டார். கொஞ்சம் காசும் மிச்சம் என்று அவளும் தலையாட்டிவிட்டாள். மழைக்காலம் முடிந்து கொண்டுவந்தாள். பிரித்தோம். ரோஜாவின் வெளிச்சப் பக்கம் கண்ணாடியோடு வந்துவிட்டது. அடர்பச்சை இலைகளில் பூஞ்சைப் புள்ளிகள். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இந்த ஊரில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள். தாள் ஈரம் குடித்து உப்பும், கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் தூள் ஈரமான பக்கத்துக்குத்தான் போகும். படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் மவுண்ட் அட்டை மட்டும் போட்டால் போதும் என்பார்கள். போதாது, அந்த மெல்லிய இடைவெளியை உப்பிய தாள் தாண்டிவிடும். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஃபிரேமின் உள்விளிம்பில் கண்ணாடிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியாது. பட்டைகளை நீங்களே வெட்டிக் கொண்டுபோங்கள், ஒட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பின்பலகையைச் சுத்தியலால் ஆணி அடித்து மாட்ட விடாதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் தூள் உதிரும். அக்ரிலிக் தகடும் ஆகாது. அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளை இழுக்கும். மாட்டும்போது கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

பாஸ்டல் நிலைக்காது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஸ்டில் லைஃபில், அதாவது பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரைவதில், பேர்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன், முதுமையில் பார்வை கெட்டபின் பாஸ்டலுக்கு மாறினார். 1771இல் அவர் வரைந்த தன்னுருவம் இன்றும் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் தொடாமல் வைத்தால் தூள் தலைமுறைகள் தாண்டி நிற்கும்.

கடைசியில் ஸ்ப்ரே

முடிந்த படத்தின்மேல் ஃபிக்ஸேட்டிவை, அதாவது தூளை ஒட்டவைக்கும் ஸ்ப்ரேயை, கனமாக அடித்தால் நிறம் இருண்டுபோகும், வெள்ளை மல்லிகை முதலில் மங்கும். அடி அடுக்குகளுக்கு லேசாக அடிக்கலாம், அதோடு சரி.

மலிவான பெட்டியின் பிங்க்

ரோஜாவுக்கும் போகன்வில்லாவுக்கும் எல்லாரும் எடுக்கிற பளிச்சென்ற பிங்க், ஊதாக் குச்சிகளில் பல வெயிலில் வெளுத்துவிடும். தாளில் ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி, ஜன்னலோரம் சில மாதம் வையுங்கள். இரண்டு பாதியும் வேறுவேறாகத் தெரிந்தால் அந்தக் குச்சி பயிற்சிக்கு மட்டும். பிங்க்கைத் தனியாக, நல்ல கம்பெனியில் வாங்குங்கள். உறையில் பி.வி. 19 அல்லது பி.ஆர். 122 என்ற நிறமி எண் இருந்தால் நம்பி எடுக்கலாம். எண்ணே போடாத பிங்க்கை, யாருக்காவது கொடுக்கப்போகும் படத்தில் தொடவே தொடாதீர்கள்.