படகு மோட்டாருக்குக் கூடுதல் வாரண்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

படகின் பின்புறம் வெளியே மாட்டும் புது அவுட்போர்டு மோட்டாருக்குப் பணம் கட்டி, பில் போடும் நேரத்தில்தான் கடையில் அந்தக் கேள்வி வரும்: "இன்னும் இரண்டு வருடத்துக்கு வாரண்டியை நீட்டித்துக் கொள்கிறீர்களா?" கடன் வாங்கி மோட்டார் எடுக்கும் ஃபைபர் படகுக்காரர் அந்த நேரத்தில் பயத்திலேயே சரி என்று தலையாட்டிவிடுவார். அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். வழக்கமான வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டித்துக்கொள்ள இடம் தரும் திட்டங்கள் உண்டு. கடைசி நாள் எது என்று கேட்டுக்கொண்டு, நிபந்தனைகள் அச்சிட்ட தாளைக் கையோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தாளைத் தர மறுத்தால் அந்த வாரண்டி வேண்டாம்.

தாளில் முதலில் தேட வேண்டியது 'வணிகப் பயன்பாடு' என்ற சொல். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்குச் சில ஆண்டுகள் வாரண்டி தரும் மோட்டார் நிறுவனங்கள், தொழிலுக்கு ஓட்டினால் அந்தக் காலத்தை வெகுவாகக் குறைப்பதோ அடியோடு விலக்குவதோ வழக்கம். காரணம் ஓட்டும் நேரம். விடுமுறை நாளில் மட்டும் படகை எடுப்பவர் ஓராண்டில் நூறு மணி நேரம் ஓட்டினாலே அதிகம். தினம் ஐந்து மணி நேரம் வீதம் மாதம் இருபது நாள் கடலுக்குப் போகிறவர் அந்த நூறு மணியை ஒரே மாதத்தில் எட்டிவிடுவார். ஆகவே நீட்டிப்புத் தாளில் மீன்பிடித் தொழிலும் அடங்கும் என்று எழுத்தில் இருக்கிறதா, மணிக்கணக்கில் உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். வாய்மொழியாகச் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதக்கணக்கு வாரண்டி, வடகிழக்குப் பருவமழையில் படகு கரையில் கிடக்கும் நாட்களிலும் கரைந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கரையில் மோட்டார்கள் எதனால் கெட்டுப்போகின்றன என்று யோசியுங்கள். என் தம்பியின் மோட்டாரில் நடந்ததைச் சொல்கிறேன். அறுந்து மிதந்த நைலான் நரம்பு ஒன்று புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்த ரப்பர் சீலை அது அறுத்துவிட, கடல்நீர் கியர் பெட்டிக்குள் இறங்கியது. அடித் திருகைக் கழற்றியபோது எண்ணெய், பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வழிந்தது. கியர்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. வாரண்டி நடப்பில் இருந்தும், வெளிப்பொருளால் வந்த சேதம் என்று கோரிக்கையைத் திருப்பிவிட்டார்கள். தாளைத் திரும்பப் படித்தபோது அந்த வரி அதில் இருக்கத்தான் செய்தது.

உப்பு அரிப்பு, பாறையில் மோதியது, மண்ணெண்ணெய் கலந்த எரிபொருள், டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய்க் கலவை தவறியது, தண்ணீர்ப் பம்பின் ரப்பர் விசிறி தேய்ந்து மோட்டார் சூடேறியது ஆகியவற்றையும் வாரண்டித் தாள்கள் பெரும்பாலும் விலக்கிவைக்கின்றன. மிஞ்சுவது உற்பத்திக் குறைபாடு. அதுவோ பெரும்பாலும் முதல் சில நூறு மணி நேரத்துக்குள், வழக்கமான வாரண்டி இருக்கும்போதே தலைகாட்டிவிடும்.

இதனால் யாருமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்புரேட்டர் உள்ள சிறிய டூ ஸ்ட்ரோக் மோட்டாரை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார் என்பதால் அதற்கு நீட்டிப்பு வீண் செலவு என்பது என் கருத்து. மின்னணு எரிபொருள் செலுத்தமைப்பு கொண்ட பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரின் கதை வேறு. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோ உயர் அழுத்தப் பம்போ பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. பாகத்தின் விலையும் கடுமை. அத்தகைய மோட்டாருக்கு, தொழில் பயன்பாடு எழுத்தில் அடங்கி, சர்வீஸ் மையம் அரை நாள் பயணத்துக்குள் இருந்தால், வாங்குவது நியாயமான முடிவு.

விலையை எடைபோட ஒரு வழி உண்டு. நீட்டிப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் போய், இதே வகை மோட்டாரில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் அவர் அடிக்கடி பார்த்த மூன்று பழுதுகளையும் செலவையும் கேளுங்கள். அவற்றில் தாள் ஏற்பது எத்தனை என்று ஒப்பிட்டால் விடை தானே தெரியும். மோட்டாரை மையத்துக்கு ஏற்றிச்செல்லும் வண்டி வாடகையும், தேய்மானம் என்று கழிக்கும் தொகையும் உங்கள் தலையில் விழுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, உதிரிபாகம் வரும்வரை கடலுக்குப் போகாத நாட்களின் வருமானம். அதை மோட்டார் வாரண்டிகள் பொதுவாக ஈடுகட்டுவதில்லை. ஆகவே அந்தப் பன்னிரண்டாயிரத்தைத் தனியாகச் சேர்த்துவைப்பதோ, மாற்றுக்கு ஒரு பழைய மோட்டாரைப் பராமரிப்பதோ பலருக்கு அதிகம் பயன்படும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் வாங்குகிறவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்த விலக்குக்குள் தள்ளுவதில்லை. தன் படகைத் தானே ஓட்டும் மீனவர் தைரியமாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆள் வைத்துப் பல படகு ஓட்டுகிறவருக்கு இந்த வழி எளிதல்ல. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். இவை எல்லாவற்றுக்கும் பில் வேண்டும், அதில் மோட்டாரின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், வாரண்டியைத் தருவது உற்பத்தி நிறுவனமா, கடையா, வேறொரு காப்பீட்டு நிறுவனமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்; கடையே தருவதாக இருந்தால் கடை மூடிய அன்றே அதுவும் போய்விடும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓட்டிய மணிகளைத் தினமும் குறித்து வாருங்கள். பல மோட்டார்களின் கையேட்டில் முதல் சர்வீஸ் 20 மணியிலும், அடுத்தது 100 மணியிலும் என்று இருக்கும். தினம் ஐந்து மணி ஓடும் படகுக்கு முதல் சர்வீஸ் நான்காம் நாளே வந்துவிடுகிறது. அதைத் தவறவிட்டதைக் காட்டியே பின்னால் கோரிக்கையை மறுக்க முடியும் என்பதால், மோட்டாரை வாங்கும் அன்றே அந்தச் சர்வீஸுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.