வாசலுக்குச் சிமெண்டு போட ஆள் பிடிப்பது எப்படி

மலேசியாவில் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை கார் ஏறச் சிமெண்டு போடுவது. இரண்டு மழைக்காலம் போகும். கேட் ஓரம் ஒரு வெடிப்பு விழும். சக்கரம் ஏறும் இடம் அமுங்கும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் கொசு. "சிமெண்டு சரியில்லை" என்று சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் சிமெண்டின் மேல் குற்றம் இருக்காது. அடியில் கல் இல்லை, கம்பி வலை மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறது, ஐந்து அங்குலம் என்று பேசியது மூன்றரைதான் இருக்கிறது. காங்கிரீட் ஊற்றிய பிறகு இந்த மூன்றுமே கண்ணுக்குத் தெரியாது. அதனால் நல்ல ஆளைத் தேடுவது பாதி வேலைதான். ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முன் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை என்று முன்கூட்டியே பேசி வைப்பது மறு பாதி.

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் சொந்தக்காரர்கள் இதைப் பற்றி வீடியோ அனுப்புவார்கள். அங்கே மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து 9 விழுக்காடு பருக்கிறது. தரையைத் தூக்கிப் பிளக்கிறது. அதற்காகக் காங்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழ்களை உண்டாக்கும் மருந்து சேர்க்கிறார்கள், பனி உருக்கத் தூவும் உப்பைத் தாங்க மேலே பூச்சு அடிக்கிறார்கள். இங்கே அந்த மருந்துக்கும் பூச்சுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் கெட்டியான கல் அடித்தளம், சரியான வாட்டம் என்று அவர்கள் சொல்வது நமக்கும் பொருந்தும். அங்கே உறையும் தண்ணீர் செய்வதை இங்கே ஊறும் தண்ணீர் செய்கிறது.

நிலமும் மண்ணும்

வீடு தோட்டத்து லயத்தில் இருந்தால் நிலம் கம்பெனியுடையது. நிர்வாகம் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு மூட்டை சிமெண்டும் இறக்காதீர்கள். தாமான் வீடாக இருந்தாலும், கேட்டுக்கு வெளியே உள்ள லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) உங்களுடையது அல்ல. அதை மூடவோ அதன் மேல் பாலம் போடவோ மாவட்ட மன்றத்தில் அல்லது நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்க வேண்டும். தண்ணீர் மீட்டர், கழிவுநீர் மேன்ஹோல் மூடி, செப்டிக் தொட்டி எங்கே என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மேன்ஹோலைச் சிமெண்டுக்கு அடியில் புதைத்தால், அடைப்பு வரும் நாளில் புதுத் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

மேற்குக் கரையில் தெலுக் இந்தான், பாகான் டத்தோ, சபாக் பெர்ணம் பக்கம் கடலோரக் களிமண். மழையில் குழையும், வெயிலில் வெடிக்கும், பாரம் ஏறினால் வருடக் கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே போய் மேட்டு நிலத்துச் செம்மண் என்றால் கவலை குறைவு. பழைய தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில் இன்னொரு தொல்லை: செம்பனை அடிமரங்களைப் புதைத்து மேலே மண் கொட்டியிருப்பார்கள். அது மக்கும்போது கீழே பொந்து விழும். அரை அங்குலக் கம்பியை நாலைந்து இடத்தில் உடல் பாரம் கொடுத்துக் குத்திப் பாருங்கள். ஓரடிக்கு மேல் சுலபமாக இறங்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்காமல் மூடக் கூடாது.

களிமண் பகுதியில் வீடு பைலிங் (ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கும். வாசல் வெறும் மண் மேல் படுத்திருக்கும். வீடு நிற்க, வாசல் இறங்கும். இரண்டையும் கம்பி போட்டு இணைத்தால் பலம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். இணைத்த இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும். சுவர், தூண் ஓரமெல்லாம் அரை அங்குலம் நுரைப் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

காங்கிரீட்டா, இன்டர்லாக்கா, தாரா

இறங்கும் களிமண்ணுக்கு இன்டர்லாக் கல்தான் எங்கள் தேர்வு. அமுங்கினால் கல்லைப் பெயர்த்து, மணல் நிரவி, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். காருக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். லாரி ஏறினால் 80. ஓரத்தில் காங்கிரீட் கட்டு இல்லாவிட்டால் கற்கள் வெளியே நழுவும். தார் சிறு வாசலுக்குத் தோதுப்படாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வெயிலில் மேல்பக்கம் உரியும், சொட்டும் எண்ணெய் அதைக் கரைக்கும். "ரோட்டு வேலையில் தார் மிச்சம், பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன்" என்று வாசலில் வந்து நிற்பவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஆறிப்போன தாரை எந்த ரோலரும் இறுக்காது. மற்றபடி கெட்டி மண்ணுக்குக் காங்கிரீட். இனி வருவதெல்லாம் அதற்குத்தான்.

கணக்கு

12 அடி அகலம், 40 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம்: 480 சதுர அடி, கிட்டத்தட்ட 44.6 சதுர மீட்டர். கார் மட்டும் ஏறினால் 4 அங்குலம் போதும். ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டி நிற்கும், எப்போதாவது மணல் லாரி பின்னோக்கி வரும் என்றால் 5 அங்குலம். தினமும் செம்பனைப் பழ லாரி நிறுத்துபவர்கள் 6 அங்குலத்துக்குப் போக வேண்டும்.

5 அங்குலத்துக்கு 5.7 கன மீட்டர் காங்கிரீட். சேதாரம் சேர்த்து 6 கன மீட்டர் சொல்லுங்கள். அடியில் 6 அங்குலம் இறுகிய கிரஷர் ரன் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது) வேண்டுமானால், இறுகும்போது குறைவதையும் சேர்த்துத் தளர்வாக 9 கன மீட்டர், அதாவது 15 டன் அளவு இறக்க வேண்டும். களிமண்ணில் இந்தக் கல் 9 முதல் 12 அங்குலம். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் கல் களிக்குள் புதையும், களி கல்லுக்குள் ஏறும். பி.ஆர்.சி. எனும் இரும்புக் கம்பி வலையில் ஏ7 வகைத் தாள் 2.2க்கு 6 மீட்டர். நாலு தாளில் இழுத்துப் பிடித்தால் ஓரம் ஓரடி குறையும், ஐந்து வாங்குங்கள்.

தோண்டும் ஆழம், கல் 6, காங்கிரீட் 5 என்று மொத்தம் 11 அங்குலம். அள்ளும் மண் 12 கன மீட்டருக்கு மேல் வரும். அதை யார் எடுத்துப் போவது? கொட்டேஷனில் அதிகம் விடுபடும் வரி இதுதான். பிறகு "மண் லாரிக்குத் தனிக் காசு" என்று வந்து நிற்பார்கள்.

கொட்டேஷன்

"சிமெண்டு போட்டுத் தர இவ்வளவு" என்று ஒற்றை வரியில் எழுதித் தருவது கொட்டேஷன் அல்ல. மூன்று பேரிடமும் ஒரே விவரத்தைக் கொடுத்து விலை கேளுங்கள். இல்லையென்றால் குறைந்த விலைக்காரர் எதைக் குறைத்தார் என்று தெரியாது. தாளில் இப்படி இருக்கட்டும்:

"480 சதுர அடி. 11 அங்குலம் தோண்டி மண்ணை வெளியேற்றுவது. கிரஷர் ரன் இறுகிய பிறகு 6 அங்குலம், மூன்று மூன்று அங்குலமாக இரண்டு அடுக்கு, கம்பாக்டர் அடித்து. பிளாஸ்டிக் தாள். ஏ7 வலை, ஸ்பேசர் (வலையைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) மேல். கிரேடு 25 ரெடிமிக்ஸ், 5 அங்குலம். வாட்டம் 80க்கு 1, வீட்டிலிருந்து லோங்காங் நோக்கி. 10 அடிக்கு ஒரு வெட்டு (வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விழ). மேற்பரப்பு துடைப்பக் கோடு. ஏழு நாள் ஈரம் காப்பது யார் பொறுப்பு."

மலேசியாவில் கட்டுமான வேலை எடுப்பவர் சி.ஐ.டி.பி.யில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிந்திருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. வாசல் வேலைக்கு ஜி1 தாராளம். பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் பாருங்கள். ஊரில் நன்றாக வேலை செய்யும் சில கைகளுக்குப் பதிவு இருக்காது என்பதும் உண்மை. அப்படிப்பட்டவரிடம் போவதென்றால் கல்லையும் ரெடிமிக்ஸையும் உங்கள் பெயரில் நேரே கடையில் வாங்கி, கூலி மட்டும் அவருக்குப் பேசுங்கள். முன்பணம் வாங்கியவர் ஓடிப்போகும் பயம் அதோடு குறையும்.

பழைய வேலையைப் பார்க்கப் போனால் போன மாதம் போட்டதைக் காட்டுவார். போன மாதம் போட்டது எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தியதைக் கேளுங்கள், மழை விட்ட அரை மணியில் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, கோடு போட்ட இடத்தில் மட்டும் வெடித்திருக்கிறதா, குறுக்கே ஓடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேலை நடக்கும்போது

பகல் வெயில், சாயங்காலம் இடி மழை என்பது மேற்குக் கரையின் வழக்கம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இன்னும் மோசம். முடிந்தால் ஜூன், ஜூலையில் வையுங்கள். எந்த மாதமானாலும் ரெடிமிக்ஸ் லாரி காலை எட்டு மணிக்கு நிற்க வேண்டும்.

கல் இறுகியதா என்று பார்க்க எளிய வழி, அடுத்த லோடு கொண்டுவரும் லாரியை அதன் மேலேயே மெல்ல ஏறவிடுவது. டயருக்கு முன்னால் தரை அலை போல எழும்பினால் அடியில் குழைவு இருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டிக் கல் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். உலர்ந்த கல்லைக் கம்பாக்டர் எவ்வளவு அடித்தாலும் இறுகாது. லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் குறுக்கே இரண்டு அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றைப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு ஆட்டோ கேட் வயரோ தண்ணீர்க் குழாயோ இழுக்க உதவும். கல்யாணம், காரியத்துக்கு வாசலில் பந்தல் போடும் வீடென்றால் இரு ஓரமும் நிமிர்த்திச் சில குழாய்த் துண்டுகளை வைத்து மூடி போட்டுவிடலாம். பந்தல்காரர் கடப்பாறையால் தரையில் துளை போடுவதைவிட அது மேல்.

வாட்டத்தைக் கண்ணால் நம்பாதீர்கள். தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் பிடித்தால் மட்டம் தெரியும். 40 அடிக்கு 80க்கு 1 என்றால் ஆறு அங்குல இறக்கம். காங்கிரீட் ஊற்ற இரு ஓரமும் அடித்த பலகைக்குப் பலகை கயிறு கட்டி, கயிற்றிலிருந்து கல் வரை பத்து இடத்தில் அளந்து பாருங்கள். ஐந்தங்குலம் இல்லாத இடத்தில் கல்லைச் சுரண்டச் சொல்ல இதுதான் கடைசி வாய்ப்பு.

வலை, காங்கிரீட் கனத்தின் நடுவிலோ சற்று மேலேயோ நிற்க வேண்டும். "ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம்" என்பார்கள். தூக்குவார்கள், அடுத்த ஆள் அதன் மேலேயே மிதித்து நடப்பார். இரண்டரை அங்குல ஸ்பேசர், இரண்டு இரண்டரை அடிக்கு ஒன்று. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாரி வந்ததும் டெலிவரி ஆர்டர் தாளைக் கேட்டு வாங்குங்கள். கிரேடு, அளவு, கலந்த நேரம் அதில் இருக்கும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். அளவில் ஓர் இரகசியமும் இருக்கிறது. நாலரை கன மீட்டரை 480 சதுர அடியில் பரப்பினால் நாலு அங்குலம்தான் வரும். யாரும் மறைக்க முடியாத கணக்கு இது.

ஆள்கள் தள்ளச் சிரமப்பட்டு லாரியில் தண்ணீர் விடச் சொல்வார்கள். கன மீட்டருக்கு ஐந்து லிட்டர் கூட்டினாலே கிரேடு 25இன் 25 மெகாபாஸ்கல் வலுவில் ஏறக்குறைய ஒன்றரை போய்விடும், பிறகு மேலே தூசு தட்டும். கலவை இளக வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும்போதே 100 மில்லிமீட்டர் ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) என்று சொல்லிவிடுங்கள். மேலே ஊறும் தண்ணீரை உறிஞ்சச் சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்ப்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். வழவழவென்று இருக்கும், ஒரே வருடத்தில் தோல் உரியும், பாசி பிடித்தால் பாட்டி வழுக்கி விழுவார். தண்ணீர் தானாக வற்றட்டும், பிறகு துடைப்பக் கோடு. பிளாஸ்டிக் தாள் சுருளைப் பக்கத்திலேயே வையுங்கள், மேகம் சொல்லிக்கொண்டு வராது.

வெட்டு, கனத்தில் கால் பங்கு: ஒன்றேகால் அங்குலம். நம் வெயிலுக்கு அன்று இரவோ மறுநாள் விடியலிலோ போட்டுவிட வேண்டும். "திங்கட்கிழமை வந்து வெட்டுகிறேன்" என்றால் அதற்குள் காங்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்திருக்கும்.

ஏழு நாள் கோணிச்சாக்கு நனைத்துப் போர்த்துங்கள். இரண்டாம் நாள் நடக்கலாம், எட்டாம் நாள் கார், 28 நாளுக்குப் பிறகு லாரி.

காசு

முன்பணம் 10 விழுக்காடு. கல் இறுகி, வலை நின்று, நீங்கள் அளந்து படம் எடுத்த பிறகு 40. ஊற்றி வெட்டு போட்டதும் 40. மீதி 10, இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதத்தில் ஒரு கனமழையாவது பெய்திருக்கும். மழை விட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, குத்தகையாளரை வரச் சொல்லிக் காட்டுங்கள்.

வரமாட்டேன் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே எடுத்துப் போக வேண்டியவை கொட்டேஷன், ரசீதுகள், டெலிவரி ஆர்டர், வலை படுத்திருந்ததா நின்றிருந்ததா என்று காட்டும் அந்தப் படங்கள்.