ஊட்டியில் வாங்கிய செடியைச் சென்னை வீட்டில் தொட்டிக்கு மாற்றுவது எப்படி?

ஊட்டிக்குப் போய்விட்டுச் செடி வாங்காமல் திரும்ப எனக்கு மனசு வராது. ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், பிகோனியா என்று டிக்கி நிறைய வந்து சேரும். முதல் இரண்டு தடவை, பதினைந்து நாளுக்குள் பாதிச் செடிகள் போய்விட்டன. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகுதான் வேரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மே மாதத்திலும் பெரும்பாலும் 25 டிகிரிக்குள்தான் வெப்பம். நம் மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மத்தியானம் தொட்டாலே கை சுடும். உள்ளே வேர் என்ன பாடுபடும்!

வீட்டுக்கு வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். பயணத்தில் குலுங்கி வந்த செடி. நர்சரியில் தந்த பிளாஸ்டிக் கவரோடு ஒரு வாரம் நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். கிழக்கு பார்த்த பால்கனி அருமையான இடம். ஹைட்ரேஞ்சியாவில் பெரிய பூங்கொத்து இருந்தால் வெட்டிவிடுங்கள். மனசு வலிக்கும், ஆனால் அந்தப் பூ குடிக்கிற தண்ணீர் இனி வேருக்கு வேண்டும்.

தொட்டி, பூச்சு இல்லாத மண் தொட்டியாக இருக்கட்டும். பானைத் தண்ணீர் குளிர்வது போலவே அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகி வேரும் குளிரும். கவரைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். அடி ஓட்டை மேல் ஓட்டுச்சில்லு ஒன்று.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு முறை ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். ஜெரேனியத்துக்கு நார்த்தூளைப் பாதியாக்கி மணலைக் கூட்டுங்கள், அதற்கு ஈரம் ஆகாது.

இனி முக்கியமான இடம். தாய் மண், அதாவது வேரோடு ஒட்டி வரும் பழைய மண், உடையக்கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரிதான். ஆனால் மலை நர்சரிகளில் சில சமயம் களிமண்ணை இறுக்கிக் கவர் போட்டிருப்பார்கள். ஒரு ஹைட்ரேஞ்சியாவை அப்படியே நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடியது. பிடுங்கிப் பார்த்தேன்: சுற்றிலும் சேறு, நடுவில் செங்கல் மாதிரி காய்ந்த உருண்டை. தண்ணீர் அதைத் தொடாமல் ஓரமாகவே இறங்கியிருக்கிறது. அதனால், கவரைக் கிழிக்கும் முன் அரை மணி நேரம் பக்கெட் தண்ணீரில் உட்கார வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்து, ஓர மண்ணை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்து வேர் நுனிகளை விடுவியுங்கள். கவரில் இருந்த அதே ஆழத்தில், சாயங்காலத்தில் நடுங்கள். அப்புறம் பூவாளியால் அடியில் வடியும்வரை தண்ணீர்.

கோடையில் வாங்கி வந்திருந்தால், தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் மணல் நிரப்பி அதை ஈரமாகவே வைத்திருங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீர் அல்லது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஊற்றலாம். ஆர்ஓ கழிவுநீர் மட்டும் கூடவே கூடாது. மத்தியானம் ஹைட்ரேஞ்சியா இலை தொங்கினால் உடனே ஊற்றாதீர்கள், மண்ணுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிரும்.

ஃபியூஷியா வாங்க வேண்டாம் என்பேன், நம் வெப்பத்தை அது தாங்காது. ஜெரேனியம் மார்கழி, தையில் நன்றாகப் பூக்கும். ஹைட்ரேஞ்சியா மொட்டு வைக்க நம் ஊர்க் குளிர் போதாது, மறுபடி பூப்பது அரிது. அப்படிப் பூத்தால், நீலமாக வாங்கியது இளஞ்சிவப்பாக வரலாம். ஊட்டியின் புளிப்பு மண்ணில்தான் அந்த நீலம். நம் தண்ணீரின் சுண்ணாம்பு அதை மாற்றிவிடும்.