கிட் காரில் பெடல் பொருத்துபவர்கள் செய்யும் தவறுகள்

லோட்டஸ் செவன் என்ற சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1957-இல் வந்தது. அதே அமைப்பில், குழாய்ச் சட்டத்தை வீட்டிலேயே வெல்டு செய்து கார் கட்டுகிறவர்கள் பிரிட்டனில் இன்றும் நிறைய. வீட்டிலேயே கட்டும் இந்தக் கிட் கார்களில் கால் வைக்கும் இடம் மிகவும் ஒடுக்கம். ஒரு பக்கம் கியர்பாக்ஸ் டனல், மறுபக்கம் சட்டக் குழாய், பெடல்களுக்கு இடையே ஸ்டீயரிங் தண்டு. அதனால் எது உள்ளே அடங்கும் என்று மட்டும் பார்த்து பெடல் பாக்ஸை (பெடல்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்த தொகுதி) வாங்கிவிடுகிறார்கள். பின்னால் வரும் பாதித் தொல்லைகளுக்கு இதுவே காரணம்.

முதலில் முடிவாக வேண்டியது சீட். அதை நிலைப்படுத்தி, ஓட்டுபவர் வழக்கமாகப் போடும் ஷூவோடு உட்கார்ந்து, குதிகால் ஊன்றும் இடத்தைத் தரையில் குறிக்க வேண்டும். பெடல் முகத்தின் நடு, அங்கிருந்து சுமார் 180 முதல் 200 மி.மீ. உயரத்தில், முன்பாதத்துக்கு நேராக வரட்டும். பிளைவுட்டில் மூன்று பெடல் வெட்டி மாட்டி, ஒவ்வொன்றையும் கடைசிவரை அழுத்திப் பாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா, ஷூவின் ஓரம் தண்டில் உரசுகிறதா, இடது காலை ஓய்வாக வைக்க இடம் மிச்சமா என்பதெல்லாம் காசு செலவாகும் முன்பே தெரிந்துவிடும்.

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சும்மா இருக்கும்போது சமமாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. பிரேக் உள்ளே போனதும் பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கும். பலமாக மிதித்த நிலையிலும் பிரேக் முகம் ஆக்சிலரேட்டருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்க வேண்டும்.

அடுத்து, தொங்கும் பெடலா, தரையில் ஊன்றிய பெடலா? தொங்கும் வகையில் மாஸ்டர் சிலிண்டர்கள் (பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றுபவை) பல்க்ஹெட்டைத் தாண்டி, அதாவது என்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி, என்ஜின் பக்கம் இருக்கும்; ஆயில் ஊற்றவும் பழுது பார்க்கவும் சுலபம். எக்ஸாஸ்ட் குழாய் அதே பக்கம் வந்தால் வெப்பத்தடுப்புத் தகடு கட்டாயம். சிலிண்டரை டேஷ்போர்டுக்கு அடியில் ஓட்டுபவரை நோக்கித் திருப்பி வைக்கும் வகை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கசிந்தால் பிரேக் ஆயில் நேராகக் காலில் சொட்டும், பெயின்டையும் உரித்துவிடும். தரையில் ஊன்றிய வகையில் எடை கீழே இருக்கும், பெடலின் மேல்பக்கம் காலியாகக் கிடைக்கும். அதில் மறந்துவிடுவது ஒன்று: சிலிண்டர், சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் திரும்பி வடிந்து, முதல் மிதி வெறுமையாகப் போகும். ஆயில் டப்பாவைத் தனியாக உயரத்தில் வைக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் திரும்பி வடியாமல் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 2 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு தேவைப்படலாம்.

பெடல் விகிதத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பழைய காரிலிருந்து கழற்றிய பெடலை அப்படியே மாட்டி, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரை மட்டும் விட்டுவிடுவார்கள். பூஸ்டர் உள்ள கார்களில் விகிதம் சுமார் 4:1 அல்லது அதற்கும் கீழ். பூஸ்டர் இல்லாமல் ஓட்ட 5:1 முதல் 6:1 வரை வேண்டும். பிவட்டிலிருந்து (பெடல் சுழலும் அச்சு) பெடல் முகத்தின் நடுவரை உள்ள தூரத்தை, பிவட்டிலிருந்து புஷ்ராடுக்கு (சிலிண்டரைத் தள்ளும் தண்டு) உள்ள தூரத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். வளைந்த பெடலில் வளைவோடு டேப் பிடித்து அளக்கக் கூடாது. விசை செல்லும் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும்.

சிலிண்டர் அளவு விகிதத்தோடு சேர்ந்தே வரும் கணக்கு. கால் தரும் விசை 500 நியூட்டன், விகிதம் 5:1 என்றால் புஷ்ராடில் 2,500 நியூட்டன். 19.05 மி.மீ. விட்டமுள்ள ஒரே டேண்டம் சிலிண்டர் (ஒன்றுக்குள் இரண்டு பிஸ்டன் உள்ளது) அதில் ஏறக்குறைய 88 பார் அழுத்தம் தரும். அதே விட்டத்தில் இரண்டு தனிச் சிலிண்டர்களும், அவற்றுக்கு விசையைப் பிரித்துத் தரும் பேலன்ஸ் பார் என்ற குறுக்குத் தண்டும் வைத்தால் விசை பாதியாகப் பிரிந்து, ஆளுக்கு 44 பார்தான். பெடல் கொஞ்சமே நகரும், கெட்டியாக இருக்கும். கார் மட்டும் நிற்காது. கெட்டியாக இருக்கிறதே, நல்ல பிரேக் என்று ஏமாறுவது இங்கேதான். 15.9 மி.மீ. சிலிண்டர்களுக்கு மாறினால் சுமார் 63 பார் வரும். பெடல் பயணம் சற்றுக் கூடும். சரியான விட்டத்தைக் காலிப்பர் பிஸ்டன்களின் பரப்பளவே முடிவு செய்யும்.

இந்த 2,500 நியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ எடைக்குச் சமமான தள்ளு, முழுவதும் பல்க்ஹெட் மேல்தான் விழுகிறது. பதற்றத்தில் மிதிப்பவர் இதைவிட அதிகமாகவே அழுத்துவார். மாணவர்களின் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியில் பிரேக் பெடலும் அதன் பொருத்தமும் 2,000 நியூட்டனைத் தாங்க வேண்டும் என்பது விதி. 5:1 விகிதத்தில் அது பல்க்ஹெட்டில் ஒரு டன். 1.5 மி.மீ. தகட்டில் துளை போட்டு முடுக்கினால் தகடு வளையும், பெடல் பஞ்சாக அமுங்கும். உடனே ஏர் இருக்கிறதென்று திரும்பத் திரும்ப பிளீடிங் (ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றுவது) செய்வார்கள். ஒருவரை பலமாக மிதிக்கச் சொல்லி, சிலிண்டர் அடிப்பாகத்தில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே அசைவு தெரிந்தால் கோளாறு ஆயிலில் இல்லை. 3 மி.மீ. எஃகுத் தகட்டைப் பெட்டியாக மடித்து, சட்டக் குழாய்களோடு சேர்த்து வெல்டு செய்ய வேண்டும். பிவட் போல்ட்டை இருபுறமும் தாங்கியில் பிடித்து, பெடல் புஷ்ஷை மரை இல்லாத வழவழப்பான பகுதியில் சுழல விடுங்கள்.

பேலன்ஸ் பாரில் கிளெவிஸ்களை (புஷ்ராடுகளைப் பாரோடு இணைக்கும் கவைகள்) நெருக்கி இறுக்குவது வழக்கமான பிழை. பார் சாய இடம் இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். இருபுற இடைவெளியும் சேர்ந்து 5 மி.மீ. அளவுக்கு விட வேண்டும். பார் புஷ்ராடுகளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டியது பலமாக மிதித்த நிலையில்; ஓய்வில் சற்றுச் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. பிரிட்டனில் தனிப்பட்ட வண்டிகளுக்கு அனுமதி தரும் ஐ.வி.ஏ. சோதனைக்குப் போகும் கார் என்றால், சரிசெய்த பிறகு அதைத் திருக முடியாதபடி பூட்டியாக வேண்டும்.

புஷ்ராடில் ஒரு மி.மீ. அளவு லூஸ் இருக்கட்டும். பிஸ்டன் முழுதாகத் திரும்பாவிட்டால் ஆயில் டப்பாவுக்குப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். சூடான ஆயில் விரிந்து பிரேக் தானாகப் பிடிக்கும். ஹைட்ராலிக் கிளட்சுக்கு, பெடலை ஓர் எல்லையில் நிறுத்தும் தனி ஸ்டாப் வையுங்கள், இல்லையேல் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரோ பிரஷர் பிளேட்டோ அளவுக்கு மீறித் தள்ளப்படும். ஆக்சிலரேட்டருக்கும் ஸ்டாப் வேண்டும். அது இல்லாவிட்டால் மிதிக்கும் பலம் முழுவதையும் கேபிள்தான் வாங்கும்.

எல்லாம் பூட்டிய பின்னும் பலர் செய்யாத சோதனை ஒன்று உண்டு. காரை நிறுத்தி வைத்து, முன் சர்க்யூட்டின் (முன் சக்கர பிரேக்குகளின் ஆயில் பாதை) ஒரு பிளீட் நிப்பிளில், அதாவது காற்றை வெளியேற்றும் திருகில், குழாய் மாட்டித் திறந்துவிட்டு, பெடலை மெதுவாகக் கடைசிவரை மிதியுங்கள். பேலன்ஸ் பார் சாய்ந்து, பெடல் தரையையோ ஸ்டாப்பையோ தொடும் முன் பின் சக்கரங்கள் பிடிக்க வேண்டும். அதுவே பின் சர்க்யூட்டைத் திறந்தும் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் பெடலின் ஓய்வு நிலையை உயர்த்துங்கள், அல்லது புஷ்ராட் நீளத்தைத் திருத்துங்கள். பிறகு நிப்பிளை மூடி, இரண்டு சர்க்யூட்டையும் மறுபடி பிளீட் செய்யுங்கள்.